கைருன்னிசா வீட்டுக் கொசுவலை

கைருன்னிசாவுக்கு ஆளில்லாத வீடு பிடிக்காது. உத்தமபாளையத்தில் அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று கூட்டமாக வளர்ந்தவர். கம்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோதும் மாமியார், கொழுந்தன்மார், அவர்களின் பிள்ளைகள் என்று வீடு நிறைந்துதான் இருந்தது. பிறகு ஒவ்வொருவராகத் தனிக்குடித்தனம் போனார்கள். மகன் நவாஸ் துபாய்க்குப் போனான். மகள் முபீனா கல்யாணமாகித் திருப்பூருக்குப் போனாள். சுருளிப்பட்டி ரோட்டில், திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே கட்டிய வீட்டில் அவரும் கணவர் நத்தர்ஷாவும் மட்டும் மிஞ்சினார்கள்.

நத்தர்ஷா தங்கமான மனிதர், ஆனால் வாயைத் திறக்க மாட்டார். காலையில் பந்தலுக்குள் நுழைந்தால் கொடிகளோடு கொடியாக நிற்பார். "இந்த மனுசன் நம்மள நிமிந்து பாக்கணும்னா திராட்சைக் கொடியாத்தான் பொறந்திருக்கணும்" என்று கைருன்னிசா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். நத்தர்ஷா அதற்கும் லேசாகச் சிரிப்பதோடு சரி.

சுருளி அருவிக்கு வருகிறவர்கள் தோட்டத்தில் இறங்கிப் பந்தலுக்கடியில் படம் எடுத்துக்கொள்வார்கள். ஒருநாள் அப்படி வந்த ஒரு குடும்பம், "இங்கயே தங்க இடம் கிடைக்குமா?" என்று கேட்டது. அப்போது அப்படி ஓர் இடம் கிடையாது. ஆனாலும் கைருன்னிசா யோசிக்காமல் "இருக்கே" என்று சொல்லிவிட்டு, உள்ளே ஓடி நவாஸின் அறையை ஒழித்துக் கொடுத்தார். அப்படித் தொடங்கியதுதான். பிறகு முபீனா படங்களை இணையத்தில் போட்டாள். நவாஸ் இன்னோர் அறை கட்டக் காசு அனுப்பினான். வாரக் கடைசியில் கோயம்புத்தூர், சென்னை, கொச்சி என்று எங்கிருந்தோ ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

வந்தவர்களை அவர் விருந்தாளியாகத்தான் நடத்துவார். சாப்பிட்டு முடித்தவர் இலையில் இன்னொரு கரண்டி விழும். கிளம்புவதற்குள் அவர்களுடைய சித்தி மகளுக்கு வரன் பார்ப்பது வரை எல்லாம் தெரிந்து வைத்திருப்பார்.

போன ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், சென்னையிலிருந்து விஜய்ராஜ் என்று ஒருவன் போன் செய்தான். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது, மனைவியோடு இரண்டு மூன்று நாள் தங்க வேண்டும் என்றான். அதன்பின் கேள்விகள் வந்தன. ஜன்னலுக்கு வலை அடித்திருக்கிறதா? வீட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் தேங்குமா? ஊரில் யாருக்காவது டெங்கு இருக்கிறதா?

கைருன்னிசா கொஞ்ச நேரம் பொறுமையாகப் பதில் சொல்லிப் பார்த்தார். பிறகு, "ஏந் தம்பி, நீங்க ஊரச் சுத்திப் பாக்க வாறீகளா, இல்ல கொசுவ எண்ணிப் பாக்க வாறீகளா?" என்று கேட்டுவிட்டார்.

மறுமுனையில் ஒரு பெண் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. அது அவன் மனைவி ஏஞ்சல்.

வந்து இறங்கியபோது ஏஞ்சல் அதே சிரிப்போடு இறங்கினாள். விஜய்ராஜ் முழுக்கைச் சட்டை போட்டு, பேன்ட் நுனியைக் காலுறைக்குள் செருகியிருந்தான். ஆள் வருவதற்கு முன்பே கொசு மருந்துக் களிம்பின் வாசனை வந்தது. அவன் கொண்டுவந்த ஒரு பை முழுக்கக் கொசுவலை, கொசு பேட், விதவிதமான களிம்புகள். ஏஞ்சல் செருப்பைக் கழற்றியதும் நேரே அடுப்படிக்கு வந்து, "ஆன்ட்டி, என்ன வாசனை இது?" என்று சட்டியைத் திறந்து பார்த்தாள். அந்த நிமிஷமே கைருன்னிசாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது.

விஜய்ராஜ் வீட்டைச் சுற்றி வந்தான். செல்போன் வெளிச்சத்தில் பிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து பார்த்தான். பூந்தொட்டிகளுக்கு அடியில் இருந்த தட்டுகளைக் கவிழ்த்தான். கடைசியில், கைருன்னிசா ஆசையாய் ஜன்னலோரம் வளர்த்த மணி பிளான்ட் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ஆன்ட்டி, இங்க பாருங்க. உள்ள நெளியுது."

பார்த்தார். துணுக்குத் துணுக்காய் ஏதோ தலைகீழாகத் தொங்கி நெளிந்துகொண்டிருந்தது உண்மைதான்.

"நல்ல தண்ணிதான தம்பி ஊத்துனேன்."

"நல்ல தண்ணியிலதான் ஆன்ட்டி டெங்கு கொசு முட்டை போடும். அதுவும் பகல்லதான் கடிக்கும்."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் அடுப்படிக்குப் போன கைருன்னிசா பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தார். நத்தர்ஷா தண்ணீர் குடிக்க வந்ததும் பிடித்துக்கொண்டார்.

"என் வீடு அழுக்குங்குறான். வந்து அரை மணி நேரங்கூட ஆகல."

"புழு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப கீழ ஊத்திற வேண்டியதுதான?" என்று சொல்லிவிட்டு அவர் பந்தலுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் கைருன்னிசா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது ஏஞ்சல் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தானும் ஒரு பிடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

"அவர் மேல கோவப்படாதீங்க ஆன்ட்டி. அவருக்கு ஒரு தங்கச்சி இருந்தா. ஜோதிகா. காலேஜ் படிக்கும்போது டெங்குல போயிட்டா. அதுக்கப்புறம் இவர் இப்படித்தான். இவரை எங்கயாவது வெளியூர் கூட்டிட்டு வரதுக்கே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு."

கைருன்னிசா உரிப்பதை நிறுத்திவிட்டார். ஏஞ்சலின் கன்னத்தை வெங்காயக் கையாலேயே தடவினார்.

மறுநாள் அவர்கள் அருவியைப் பார்க்கக் கிளம்பியதும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். தோட்டத்து மூலையில் கிடந்த பழைய டயர், தேங்காய்ச் சிரட்டைகள், மருந்து கலக்கும் பீப்பாய், உடைந்த வாளி எல்லாவற்றையும் கவிழ்த்தார். கை கால் கழுவும் தொட்டியை வற்றவிட்டு உள்பக்கமெல்லாம் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினார். நத்தர்ஷாவையும் விடவில்லை. "அந்தப் பையன் வந்து பாக்குறப்ப ஒரு சொட்டுத் தண்ணி நிக்கக் கூடாது" என்று அவரையும் கூரைமேல் ஏற்றிவிட்டார்.

அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, மழையில் நனைந்து இருவரும் திரும்பி வந்தார்கள். வரிசையாகக் கவிழ்ந்து கிடந்த வாளிகளையும் காய்ந்த தொட்டியையும் விஜய்ராஜ் பார்த்தான். அன்று சாப்பிடும்போது கேட்காமலேயே இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டான். கைருன்னிசாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அடுத்த நாள் காலை ஏஞ்சலால் எழுந்திருக்க முடியவில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது. தலை வலிக்கிறது, கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது என்றாள். விஜய்ராஜின் முகத்தில் ரத்தமே இல்லை. நத்தர்ஷா ஆட்டோ பிடித்து வர, கைருன்னிசா ஏஞ்சலைத் தோளில் சாய்த்துக்கொண்டு கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டெங்கு என்றார்கள்.

விஜய்ராஜ் கைருன்னிசாவைத் திரும்பிப் பார்த்தான். அவன் திட்டவில்லை. ஆனால் அந்த மணி பிளான்ட் பாட்டில் அவன் கண்ணில் இருந்தது. நம் வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு நம் வீட்டிலேயே இப்படி ஆகிவிட்டதே என்று கைருன்னிசா குற்றவாளி போல ஓரமாக நின்றார்.

டாக்டரம்மா கேட்டார்: "நீங்க ஊருக்கு வந்து எத்தனை நாளாச்சு?"

"முந்தாநாள்தான் டாக்டர்" என்றான் விஜய்ராஜ்.

"அப்ப இது இங்க கடிச்ச கொசு இல்லை. கடிச்சு நாலஞ்சு நாளாவது ஆனாத்தான் காய்ச்சலே வரும். சென்னையில இருந்தே கொண்டாந்திருக்கீங்க."

கைருன்னிசாவுக்கு நின்றிருந்த மூச்சு வந்தது. மறுகணமே, இந்தப் பெண் இப்படிச் சுருண்டு கிடக்கும்போது நமக்கு ஓர் ஆறுதலா என்று வெட்கமாகவும் இருந்தது. அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

இப்போதே கார் வைத்துச் சென்னைக்குப் போய்விடலாம் என்று விஜய்ராஜ் துடித்தான். டாக்டரம்மா வேண்டாம் என்றார். அவ்வளவு தூரம் குலுக்கிக்கொண்டு போவதைவிடப் பக்கத்தில் எங்காவது தங்கித் தினமும் வந்து ரத்தம் பார்ப்பது நல்லது; காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்தான், வேறு வலி மாத்திரை எதுவும் கூடாது; தண்ணீரும் கஞ்சியும் நிறையக் குடிக்க வேண்டும் என்றார். "வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம்..." என்று அவர் ஆரம்பித்ததும், "கை கால் சில்லுன்னு போறது, ஆள் சோர்ந்து போறது, உடனே வரணும்" என்று விஜய்ராஜே முடித்தான். டாக்டரம்மா அவனை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

வெளியே வந்ததும் அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "ஆன்ட்டி, நாங்க இங்க லாட்ஜ் பாத்துக்கறோம். உங்க வீட்டுக்கு வேற ஆளுங்க வருவாங்க. உங்களுக்கு எதுக்குக் கஷ்டம்?"

"ஏலே, காய்ச்சக்காரப் புள்ளைய லாட்ஜுல போட்டுட்டு எனக்கு வீட்டுல சோறு எறங்குமாடா? பேசாம ஆட்டோவுல ஏறு."

அதுவரை தம்பி, வாங்க, போங்க என்றிருந்தது அந்தக் கணத்தில் மாறிவிட்டது. பிறகு அவன் அவருக்கு 'விஜய்ராசு'தான்.

ஏஞ்சலின் அம்மா கால் எலும்பு முறிந்து திருநெல்வேலியில் படுக்கையில் இருந்தார். அவரால் வர முடியாது. செல்போனில் முகம் பார்த்து அழுதுகொண்டிருந்தார். விஜய்ராஜ் தன் அம்மாவிடம் சொல்லவே இல்லை. "டெங்குங்கற பேரை இன்னொரு தடவை கேட்டா அவங்க தாங்க மாட்டாங்க" என்றான். அதனால் பார்த்துக்கொள்ளக் கைருன்னிசாதான்.

வீட்டுக்கு வந்ததும் அவன் கட்டிலின் மேல் கொசுவலையைக் கட்டினான். பட்டப்பகலில் வலைக்குள் ஏஞ்சலைப் படுக்கவைத்தான். கைருன்னிசாவுக்குப் புரியவில்லை.

"அவளக் கடிக்கிறது கடிச்சாச்சு. இனிமே எதுக்குடா வலை?"

"இப்ப அவளைக் கடிக்கிற கொசு அடுத்து உங்களைக் கடிச்சா உங்களுக்கும் வந்துடும் ஆன்ட்டி. அங்கிள் அங்க பந்தல்ல வெறும் பனியனோட நிக்கறாரு. பாக்கும்போதெல்லாம் எனக்கு பயமா இருக்கு."

கைருன்னிசா வலையின் ஒரு முனையைப் பிடித்தபடி நின்றார். இவன் தன் பெண்டாட்டியையும் தன்னையும் காப்பாற்றிக்கொள்ளத்தான் இத்தனை ஆட்டம் ஆடுகிறான் என்று அவர் நினைத்திருந்தார். அவன் சொன்னதை அப்படியே நத்தர்ஷாவிடம் போய்ச் சொன்னார். மறுநாள் பந்தலுக்குப் போகும்போது நத்தர்ஷா, பெருநாளைக்குத் தைத்த முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார்.

திருப்பூரிலிருந்து முபீனா கூப்பிட்டாள். "அம்மா, டெங்கு வந்த வீடுன்னு பேராயிரும். பக்குவமாப் பேசி அனுப்பி வையி."

"ஒனக்கு அங்கன காய்ச்ச வந்து, குடியிருக்குற வீட்டுக்காரவுக வெளிய போகச் சொன்னாகன்னா எனக்கு எப்படி இருக்கும்?"

முபீனா குரலை இறக்கி, "அந்தப் பொண்ணுக்கு என்ன ஆக்கிக் குடுக்குற?" என்று கேட்டாள். வாரக் கடைசிக்கு வருவதாக இருந்த ஈரோட்டுக் குடும்பத்துக்கு அவளே போன் செய்து, வேறொரு நாள் வரச் சொல்லிவிட்டாள்.

ஏஞ்சலுக்கு எதுவும் வாயில் வைக்க முடியவில்லை. இளநீர் கசந்தது. திராட்சைச் சாறு குமட்டியது. கடைசியில் கைருன்னிசா பூண்டும் வெந்தயமும் போட்டு நோன்புக்கஞ்சி காய்ச்சினார். ரமலானுக்கு இன்னும் வெகுநாள் இருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு ஏஞ்சல் இன்னொரு வாய்க்குத் தலையைத் தூக்கினாள். அன்றிலிருந்து அடுப்பில் எந்நேரமும் கஞ்சிச் சட்டி இருந்தது. வலைக்குள் தலையை மட்டும் நுழைத்து, கைருன்னிசா கரண்டி கரண்டியாக ஊட்டினார். விஜய்ராஜ் ஏஞ்சல் தூங்கும் நேரத்தில் நத்தர்ஷாவோடு அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய்த் தேங்கிய தண்ணீரையெல்லாம் கொட்டினான். பேசாத மனிதரும் பயந்த பையனும் சேர்ந்து வீடு வீடாகப் போவதைப் பார்த்து ஆட்கள் சிரித்தார்கள். 'கொசு மாப்பிள்ளை' என்று அவனுக்குப் பேரும் வைத்தார்கள். ஆனாலும் அவன் போன பிறகு வாளிகளைக் கவிழ்த்துத்தான் வைத்தார்கள்.

நான்கைந்து நாள் கழித்து ஒரு காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. ஏஞ்சல் எழுந்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டாள். கைருன்னிசா சந்தோஷத்தில் நெய்ச்சோறு போட்டார். நத்தர்ஷாகூடக் கம்பத்துக்குக் கிளம்பும்போது, "வரும்போது ஒனக்கு என்னத்தா வேணும்?" என்று ஏஞ்சலிடம் கேட்டுவிட்டுப் போனார். விஜய்ராஜ் மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். வாந்தி வந்தது. திரும்பவும் வந்தது. கைருன்னிசா கையைத் தொட்டார். கிணற்றுத் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது.

"விஜய்ராசு!"

அவன் வாசற்படியில் நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தான். அவர் கூப்பிட்டது அவன் காதில் விழவே இல்லை. அவர் போய்த் தோளைப் பிடித்து உலுக்கினார். "போயி அவ தலையப் பிடிச்சுக்க. நான் வண்டி கொண்டாறேன்."

முக்காடு நழுவியதைக்கூடப் பார்க்காமல், திராட்சைப் பந்தலுக்கடியில் குனிந்து குனிந்து ஓடினார். அடுத்த தோட்டத்தில் சுருளியாண்டி, எல்லோரும் குட்டியானை என்று சொல்லும் தன் சின்ன லோடு வண்டியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"தார எறக்கு. அந்தப் புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

"ஆம்புலன்சுக்குச் சொல்லிருவோமா மதினி?"

"அது வந்து திரும்புறதுக்குள்ள நாம போயிரலாம். எடு வண்டிய!"

சுருளியாண்டி அதற்குமேல் கேட்கவில்லை. ஏற்றிய தார்களை அப்படியே தள்ளிவிட்டான். வண்டியில் வாழைச்சருகின் மேல் மெத்தையைப் போட்டு ஏஞ்சலைப் படுக்கவைத்தார்கள். அவள் தலை கைருன்னிசாவின் மடியில் இருந்தது. போகிற வழியெல்லாம் அவர் உதடுகள் துஆ ஓதிக்கொண்டிருந்தன. எதிரே விஜய்ராஜ் ஏஞ்சலின் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே, "ஏசுவே, ஏசுவே" என்றான். சுருளியாண்டி ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

போனதும் படுக்கவைத்து சலைன் ஏற்றினார்கள். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. பிளேட்லெட் என்கிற தட்டணு குறைந்திருந்தது. டாக்டரம்மா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டார். "நெய்ச்சோறு போட்டுட்டேனே, அதனாலயா டாக்டரம்மா?" என்று கைருன்னிசா பயந்துபோய்க் கேட்டார். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. காய்ச்சல் விடுற நேரந்தான் இதுல ஆபத்து. லேட் பண்ணாமக் கொண்டாந்தீங்க பாருங்க, அதுதான் நல்லது" என்றார் அவர்.

கைருன்னிசா வீட்டுக்குப் போகவில்லை. மறுநாள் காலை நத்தர்ஷா பிளாஸ்கில் டீ கொண்டுவந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டீயைக் கையில் வைத்துக்கொண்டு, விஜய்ராஜ் தானாகப் பேச ஆரம்பித்தான்.

"ஜோதிக்கும் இப்படித்தான் ஆன்ட்டி காய்ச்சல் விட்டுது. அம்மா சோறு ஊட்டினாங்க. நல்லா ஆயிட்டான்னு நான் ஆபீஸ் போயிட்டேன். வயிறு வலிக்குதுன்னு எனக்கு போன் பண்ணினா. சாயங்காலம் வரேன், படுத்திருன்னு சொன்னேன்." டீயை அவன் குடிக்கவே இல்லை. "நேத்தும் பாத்தீங்கல்ல. எல்லாம் தெரிஞ்சும் கால் நகரல."

கைருன்னிசா டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவன் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு ஒனக்குத் தெரியாது ராசா. நேத்து ஒன் காலு நகரல, என் காலு நகந்துச்சு. அதுக்குத்தான மனுசரு ஒண்ணா இருக்கோம்."

அவன் குனிந்து அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். நத்தர்ஷா கொஞ்சம் தள்ளி நின்று தெருவைப் பார்த்தார். பிறகு வந்து அவன் முதுகில் கையை வைத்தார். அப்படியே வெகுநேரம் நின்றார்.

அன்று முழுக்க ஏஞ்சல் கண்ணை மூடித்தான் கிடந்தாள். அதற்கடுத்த நாள் ரத்த அழுத்தம் சீரானது, தட்டணு ஏற ஆரம்பித்தது. அவள் உதடு வறண்டிருக்கிறதே என்று விஜய்ராஜ் தண்ணீர் கொடுக்கப் போனான். அவள் அவனைத் தாண்டிக் கைருன்னிசாவைப் பார்த்து, "ஆன்ட்டி, அந்த நெய்ச்சோறை நான் ஒழுங்காச் சாப்பிடவே இல்ல" என்றாள். கைருன்னிசா சிரித்துக்கொண்டே முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் ஒரு வாரம் இருந்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். கைருன்னிசா வழக்கமாக விருந்தாளிகளை வாசலோடு வழியனுப்பிவிடுவார். இவர்களுக்காகத் தேனி ஸ்டேஷன் வரைக்கும் போனார். நத்தர்ஷாவும் வந்தார். ரயில் நகரும் வரை ஏஞ்சல் ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிய கையைக் கைருன்னிசா விடவில்லை. திரும்பி வரும்போது பழனிசெட்டிபட்டி தாண்டியதும், "வீடு வெறிச்சுன்னு இருக்கும்" என்று முதலில் சொன்னது நத்தர்ஷாதான்.

அடுத்த வாரம் மழையில் நனைந்ததில் கைருன்னிசாவுக்குச் சளி பிடித்து, லேசாக உடம்பு சுட்டது. நத்தர்ஷா எப்போது சொன்னாரோ தெரியாது, விஜய்ராஜிடமிருந்து போன் வந்துவிட்டது. உடனே ரத்தம் பார்க்கச் சொன்னான். பார்த்ததில் டெங்கு இல்லை. அப்படியும் அவன் விடவில்லை. காலையிலும் சாயங்காலமும் கூப்பிட்டுக் காய்ச்சல் இருக்கிறதா, வயிறு வலிக்கிறதா, தண்ணீர் குடித்தீர்களா என்று விசாரித்தான். அவன் முடித்ததும் ஏஞ்சல் போனைப் பிடுங்கி ஊர்க்கதை முழுவதையும் கேட்பாள்.

இரண்டாம் நாளே கைருன்னிசாவுக்கு உடம்பு சரியாகிவிட்டது. ஆனாலும் அந்த வாரம் முழுக்க, போன் அடிக்கும்போதெல்லாம் அடுப்படியில் குழம்பைக் கிளறிக்கொண்டே, "இன்னும் லேசாத்தான்டா சுடுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நத்தர்ஷா அதைக் கேட்டும் கேட்காதது போலச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.